ஒரு வாளிக்கு எத்தனை கேம்?

என் வீட்டுக்காரர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. இதைப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். சண்டை என்று வந்தால் எதிராளியும் கொஞ்சம் கத்த வேண்டும், அப்போதுதான் நமக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். இவரோ குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் பேசி முடித்ததும் டீ போடட்டுமா என்று கேட்பார். டீயும் நன்றாகவே போடுவார். அது இன்னொரு எரிச்சல்.

அவருடைய தொழில் டென்னிஸ் பயிற்சி. காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் தொப்பையைக் குறைக்க வரும் வங்கி அதிகாரிகள், மிஞ்சிய நேரமெல்லாம் அவருடைய தங்கை. தங்கைக்கு வீட்டில் வாண்டு என்று பேர். ஐந்து வயதில் வைத்தது. இப்போது இருபத்தைந்து வயது, எங்கள் சமையலறைக் கதவைக் குனிந்துதான் தாண்டுவாள். ஆனாலும் வாண்டு வாண்டுதான். நாத்தனார் எப்படி இருப்பாளோ என்று பயந்துகொண்டு வந்த புதுப்பெண்ணை, கல்யாணமான மறுநாளே கையில் மட்டையைக் கொடுத்து நெட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, மூக்கிலேயே பந்தை அடித்தவள். அடித்துவிட்டு என்னைவிட அதிகமாக அழுதவளும் அவள்தான். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் லாரி, பஸ் விபத்துகளுக்குப் புள்ளிவிவரம் போடுகிறவள். ஒரு டிரைவர் எத்தனை தடவை இடித்தான் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. டிப்போ வாசல் தூணில் பத்து தடவை உரசினாலும் கொஞ்சம் பெயிண்ட்தான் போகும். நெடுஞ்சாலையில் ஒரே தடவை தூங்கினால் லாரியே போகும். எத்தனை தப்பு என்பதில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு தப்பும் என்ன விலை என்பதுதான் கேள்வி. இதைச் சொல்லிச் சொல்லியே ஆபீசில் எனக்குப் பட்டப்பேர் கூட உண்டு. அது இங்கே வேண்டாம்.

இனி வாளி. டென்னிஸில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடிக்கு சர்வ் என்று பேர். அதற்கு இரண்டு வாய்ப்பு. முதலாவது வெளியே போனால் பரவாயில்லை, இன்னொன்று அடிக்கலாம். இரண்டாவதும் தவறினால் டபுள் ஃபால்ட், எதிராளி மட்டையைத் தூக்காமலேயே பாயிண்ட் அவளுக்கு. வாண்டு எந்த மேட்ச் ஆடினாலும் வேலிக்குப் பின்னால் இவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வலது காலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தகர வாளி. பை நிறைய தேய்ந்த பந்துகள். அவள் ஒரு டபுள் ஃபால்ட் செய்தால், இவர் ஒரு பந்தை எடுத்து வாளியில் போடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், முகமும் சுளிக்கமாட்டார். மேட்ச் முடிந்ததும் வாளியில் எத்தனை பந்து இருக்கிறதோ அத்தனையையும் அவள் திரும்ப சர்வ் செய்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். வாண்டு அதற்கு உண்டியல் என்று பேர் வைத்திருந்தாள். ஒரு நடுவர் இதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டியிருக்கிறார். அதில் வாளியைப் பற்றி ஒன்றும் இல்லை.

இத்தனை நாளும் அந்த வாளியைப் பார்த்து நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வருடம் டென்னிஸ் சங்கத்தின் அணியில் மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு இரண்டு பேர், அதில் ஒருத்தி வாண்டு. ஒரே மேட்ச், ஜெயித்தவளுக்கு இடம். இடம் கிடைத்தால் ஒரு வருடம் முழுக்கப் போட்டிகள், பயணம், எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கிடைக்காவிட்டால் என்ன என்பதை வாண்டுவே முடிவு செய்துவிட்டாள். பிசியோதெரபி படித்திருந்தாள். ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். தோற்றால் அடுத்த திங்கட்கிழமையே அங்கே சேர்ந்துவிடுவதாக, ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அந்தக் கிளினிக் நல்ல கிளினிக். வேலையும் நல்ல வேலை. ஆனால் அவள் மட்டையைப் பிடிக்கும்போது முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அது முதுகுவலிக்காரர்களின் முதுகைப் பார்த்து வராது.

அதற்கு முன்பு நடந்த ஒரு சின்னப் போட்டியில் தோற்றுவிட்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் இவர், ஆறு டபுள் ஃபால்ட், அதனால்தான் போயிற்று என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எந்த ஆறு, எந்த நேரத்தில் என்று கேட்டேன். ஆறு என்றால் ஆறுதானே என்றார். என்னிடம் வந்து ஆறு விபத்து என்று மட்டும் சொல்கிற டிப்போ மேனேஜர்களை நான் எப்படி நடத்துவேன் என்பது அவருக்குத் தெரியும். கட்டின புருஷன் என்பதால் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் அவரிடமிருந்த வீடியோ எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். வேலிக் கம்பியில் ஒரு கேமராவைக் கட்டி எல்லா மேட்சையும் பிடித்து வைத்திருந்தார். எடுப்பதோடு சரி, திருப்பிப் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு காலைகளில் நான் மடிக்கணினியோடு சோபாவில் உட்கார்ந்தேன். சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டேன். கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மனுஷன் ஆட்டம் முழுக்கச் செருமிக்கொண்டே இருப்பார், வீட்டில் கேட்பது போதாதா?

கணக்கு ஒன்றும் கஷ்டமானதில்லை. 15, 30, 40 என்று எண்ணி நாலு பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம், ஆறு கேம் ஒரு செட், இரண்டு செட் எடுத்தால் மேட்ச். வாண்டு 40-0 என்று முன்னால் இருந்தால் அந்த கேமை அவள் ஜெயிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு. அப்போது ஒரு டபுள் ஃபால்ட் விழுந்தால் அது தொண்ணூற்றுமூன்று ஆகும். நாலுதான் போனது, தூணில் உரசிய பெயிண்ட். அதுவே 30-40 என்று பின்தங்கியிருக்கும்போது விழுந்தால் இருந்த முப்பத்தாறும் போய் கேமே கைவிட்டுப் போகும். அது லாரி. இப்படி ஒவ்வொரு தப்புக்கும் அது விழுந்த நேரத்தைப் பார்த்து விலை போட்டேன். போட்டுப் பார்த்தால், இவர் இத்தனை காலம் வாளியில் போட்டு எண்ணிய டபுள் ஃபால்ட்டுகளில் முக்கால்வாசி பெயிண்ட் கேஸ். ஒரு மேட்சுக்கு எல்லாமாகச் சேர்த்தாலும் ஒரு கேம் தேறவில்லை.

சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நேரம். பிறகுதான் உறைத்தது. வாண்டு ஒவ்வொரு மேட்சிலும் வேறெங்கோ இன்னும் இரண்டு கேம்களைத் தொலைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று தேடினேன். இரண்டாவது சர்வில்தான். தவறிய சர்வில் இல்லை, தவறாமல் உள்ளே விழுந்த சர்வில். சில நேரங்களில் அவள் இரண்டாவது சர்வை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி அவ்வளவு பதமாகப் போட்டாள். எதிராளி இரண்டு அடி முன்னால் வந்து சாவகாசமாக விளாசினாள். இதை யாரும் தப்பு என்று எழுதமாட்டார்கள். எதிராளியின் திறமை என்று எழுதுவார்கள். எனக்கோ வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. தப்பே செய்யாமல் தோற்றுக்கொண்டிருந்தாள் பெண்.

ஆனால் எல்லா நேரமும் அப்படிப் போடவில்லை. சில கேம்களில் இரண்டாவது சர்வும் சீறிக்கொண்டு போனது. எந்தக் கேம்களில் பயப்படுகிறாள், ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெயிலா, எதிராளியா, களைப்பா என்று எதையெதையோ போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை.

இவர் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு காலையில் வாண்டு கையில் ரொட்டித் துண்டோடு வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் முழங்கை பட்டு மடிக்கணினியின் சத்தம் திறந்துகொண்டது. திரையில் ஒரு வருடத்துக்கு முந்தைய வாண்டு டபுள் ஃபால்ட் செய்தாள். செருமல். பிறகு, டங் என்று தகரத்தில் பந்து விழுந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாண்டுவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ரொட்டி வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. எங்கள் வீட்டு சோபாவில், எப்போதோ முடிந்துபோன ஒரு ஆட்டத்தின் வாளிச் சத்தத்துக்கு. அவளுக்கே அது தெரியவில்லை. ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "என்ன அண்ணி அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சத்தத்தோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். டங் என்று கேட்ட பிறகு அந்த கேம் முடியும்வரை இரண்டாவது சர்வெல்லாம் தொட்டில் சர்வுதான். அந்த இரண்டு கேம்களும் அங்கேதான் போயிருந்தன. எங்கள் ஆபீசில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு டிப்போவில் இடித்த டிரைவர்களின் பேரை வாசலில் பலகையில் எழுத ஆரம்பித்தார்கள். உரசல்கள் குறைந்தன, பின்னாலிருந்து வந்து மோதியவை கூடின. ஆட்கள் அப்படி ஊர்ந்துகொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அவசரப்படக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். தப்பு செய்தால் யாருக்கும்தான் மனசு ஆடும். வாளி என்ன செய்யும், வாளி இல்லாவிட்டாலும் அப்படித்தான் போட்டிருப்பாள் என்று நாளைக்கு இவர் கேட்டால் என்ன சொல்வது? வாளி இல்லாத மேட்ச் வேண்டும். அதை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தபோதுதான் வெளியூர் வீடியோக்கள் ஞாபகம் வந்தன. விமானத்தில் போன போட்டிகள் எதிலும் அந்த டங் இல்லை. கேமரா இருந்தது, செருமல் இருந்தது, வாளி இல்லை. வாண்டுவைக் கேட்டேன். தகர வாளியை விமான நிலையத்தில் தூக்கிக்கொண்டு போக அண்ணாவுக்கு வெட்கம் என்றாள்.

அந்த மேட்சுகளில் டபுள் ஃபால்ட் இன்னும் அதிகம். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டாவது சர்வ் சீறியது. அவள் ஜெயித்த பெரிய மேட்ச் எல்லாமே விமானத்தில் போய் ஆடியவை. வெளியூர்த் தரை வேகமானது, அவளுக்குத் தோதானது என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தரையாவது மண்ணாவது.

வாண்டுவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னாள்: "அண்ணாகிட்ட சொல்லாதீங்க அண்ணி. உடைஞ்சு போயிடுவாரு. அவர் ஆடுற காலத்துல எங்கப்பா வேலிக்குப் பின்னாடி நின்னு கத்துவாரு. மைதானமே திரும்பிப் பாக்கும். அதனாலதான் அண்ணா ஆட்டத்தையே விட்டாரு. எனக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சப்ப, உன்ன ஒரு நாளும் ஒரு வார்த்த திட்ட மாட்டேன்னு சொன்னாரு. திட்றதுக்குப் பதிலாத்தான் அந்த வாளி."

இந்த மனுஷனோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, இது எனக்குத் தெரியாது. அவர் ஏன் கத்துவதில்லை என்று ஒரு நாள் கூட நான் கேட்டதில்லை, ஏன் கத்தவில்லை என்று சண்டைதான் போட்டிருக்கிறேன். சொல்லமாட்டேன் என்று வாண்டுவுக்கு வாக்குக் கொடுத்தேன். அவளிடம் மட்டும், இரண்டாவது சர்வையும் முதலாவது மாதிரியே அடி, இன்னும் இரண்டு மூன்று தப்பு கூடும், கூடட்டும், அப்படியும் லாபம்தான் என்றேன். தலையை ஆட்டினாள்.

வாக்கைக் காப்பாற்றியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இவர் வாசலில் உட்கார்ந்து அந்த வாளியை உள்ளேயும் வெளியேயும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய மேட்ச் இல்லையா, சுத்தமாக இருக்க வேண்டாமா என்றார். அவ்வளவுதான். நான் கண்டுபிடித்த எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டேன். வெளியூர்த் தரையில் ஆரம்பித்து, தொட்டில் சர்வ், டங், இரண்டு கேம், ஒன்று விடவில்லை. கடைசியில் சொல்லக் கூடாததையும் சொன்னேன். "அவ பண்ற தப்பெல்லாம் சில்லறைங்க. இந்த வீட்டுலயே ரொம்ப விலை அதிகமான தப்பு உங்க வாளிதான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. துணியை மடித்து வாளிக்குள் வைத்தார். "நான் அவள ஒரு வார்த்த திட்டினதில்லையே," என்றார். அந்தக் குரலை என்னால் இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. என்னிடம் வாதாடவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரல் அது. அன்றைக்கு டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. நான்தான் போட்டேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு மேஜையிலேயே வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் பயிற்சிக்குப் போனார், வந்தார். வாண்டு என்னைப் பார்க்கும் பார்வையில் கோபம் பாதி, பாவம் பாதி. என் கணக்கு சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. சரியான கணக்கைச் சொல்லிவிட்டு இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததும் இல்லை.

மேட்ச் அன்று காலையில் காரில் ஏறும்போது பார்த்தேன். மடக்கு நாற்காலி, கேமரா, வாளி. எல்லாம் வழக்கம்போல. எனக்குக் கொதித்தது. ஆனாலும் வாண்டுவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.

சங்கத்து மைதானத்தில் நாலு வரிசை பெஞ்சு, ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், சாயம் போன பச்சைத் திரை. எதிராளி ஒரு பல் டாக்டரின் மகள், எல்லோரும் அவளைப் பல் டாக்டர் பொண்ணு என்றே சொல்வார்கள். நல்ல பெண், சரியான விளாசல்காரி. தேர்வுக் குழு நிழலில் உட்கார்ந்திருந்தது. இவர் வேலிக்குப் பின்னால் தன் இடத்தில், காலடியில் வாளி. சங்கத்து விதிப்படி ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் பேசக் கூடாது, சைகையும் கூடாது.

இரண்டாவது கேமிலேயே வாண்டு முதல் டபுள் ஃபால்ட்டைச் செய்தாள். நான் காதை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. இவர் பந்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் வாண்டு திரும்பி வாளியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். விழாத சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது கேட்டுத் தொலைத்தால்கூட தேவலை போல அவள் தோள் காதுவரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த சர்வ் தொட்டில் சர்வ். அதற்கடுத்ததும். பல் டாக்டர் பொண்ணு முன்னால் வந்து வந்து விளாசினாள். முதல் செட் 2-6 என்று போயிற்று.

என் கணக்கில் அது இல்லை. சத்தம் நின்றால் பயமும் நின்றுவிடும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சத்தம் வாளியிலிருந்து கிளம்பி எப்போதோ அவளுக்குள் குடியேறியிருந்தது. திங்கட்கிழமை கிளினிக் என் கண்முன்னால் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டில் வாண்டு, குனிந்து கதவைத் தாண்டிக்கொண்டு.

இரண்டாவது செட். 1-2, வாண்டு சர்வ். 30-30. முதல் சர்வ் நெட்டில் பட்டது. இரண்டாவதை அவள் அடிக்கத்தான் முயன்றாள், பாதி மனசோடு. அதுவும் நெட். 30-40. அவள் திரும்பி வேலிப்பக்கம் பார்த்தாள்.

இவர் எழுந்து நின்றார். கையிலிருந்த பந்தைப் பைக்குள் போட்டார். வாளியைத் தூக்கினார். அடிக்கப்போகிறாரோ, எறியப்போகிறாரோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர் வாளியைக் கவிழ்த்துத் தரையில் வைத்தார். மடக்கு நாற்காலியை ஒரு ஓரமாகத் தள்ளினார். பிறகு வேட்டுச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தோடு அந்த வாளியின் மேலேயே உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் எடை கொஞ்சம் கூடுதல். தகரம் நடுவில் உள்வாங்கி, அவர் ஒரு பக்கம் சாய்ந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நேராகப் பார்த்தார்.

நடுவர் விதிப் புத்தகத்தைத் தேடவில்லை. தேடினாலும் அதில் இருந்திருக்காது.

வாண்டு சிரித்துவிட்டாள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். நிறுத்த முடியாமல் முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் தோள் இறங்கியதை நான் நாலாவது வரிசையிலிருந்து பார்த்தேன். முதல் சர்வ் வெளியே போயிற்று. பல் டாக்டர் பொண்ணு வழக்கம்போல இரண்டு அடி முன்னால் வந்தாள். வாண்டு இரண்டாவதை அடித்தாள் பாருங்கள், அந்தப் பெண் மட்டையை முகத்துக்குக் குறுக்கே பிடிக்கத்தான் நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேறு ஆட்டம். டபுள் ஃபால்ட் வந்துகொண்டுதான் இருந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அங்கே தன் அண்ணன் நசுங்கிய வாளிமேல் கோணலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த பந்தை எடுப்பாள். இரண்டாவது செட் அவளுக்கு. மூன்றாவதில் 5-4, அவள் சர்வ், 40-30. இன்னும் ஒரே பாயிண்ட்.

முதல் சர்வ் நூலிழையில் வெளியே போயிற்று. மைதானத்தில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. மெதுவாகப் போடு என்று என் வாயிலேயே வந்துவிட்டது. ஆமாம், எனக்குத்தான். இத்தனை வாரம் கணக்குப் போட்டவளுக்குத்தான். வாண்டு போடவில்லை. முழுக்கையோடு விளாசினாள். பந்து கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளி விழுந்தது. டபுள் ஃபால்ட். அதுவும் அணியில் இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே பாயிண்ட் இருக்கும்போது. டியூஸ், அதாவது 40-40 சமம், இனி அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் வேண்டும்.

அந்த அமைதியில் ஒருவர் கைதட்டினார். பலமாக, விட்டுவிட்டு, நன்றாக விரித்த உள்ளங்கைகளால். தேர்வுக் குழு திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் பொண்ணு திரும்பிப் பார்த்தாள். பைத்தியமா என்று நினைத்திருப்பார்கள். வாளிமேல் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தட்டிக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய. வேலிக்குப் பின்னால் நின்று கத்திய ஒரு அப்பாவின் பிள்ளை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆட்டத்தில் ஊர் கேட்கச் சத்தம் எழுப்பினார். அது ஒரு தப்புக்கு.

அடுத்த இரண்டு பாயிண்ட்டுகளையும் வாண்டு எடுத்தாள். எப்படி எடுத்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். வீடியோவில்தான் பிறகு பார்த்தேன். அதில் சத்தம் முழுக்கத் திறந்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது வாளி பின் இருக்கையில் வாண்டுவின் மடியில் இருந்தது. அது இனிமேல் எதற்கும் ஆகாது. அணியில் எடுத்ததற்குச் சங்கம் கொடுத்த காகிதத்தை அவள் அதற்குள் போட்டுவைத்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணி, அந்தக் கடைசி டபுள் ஃபால்ட் என்ன விலை?" என்று கேட்டாள். மனக்கணக்காகவே போட்டுச் சொன்னேன், ஒரு கேமில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு இவ்வளவு பயமா என்று அவள் வாளியைத் தட்டிப் பார்த்தாள்.

இவர் வண்டியை ஓட்டிக்கொண்டே செருமினார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து முழுசாகக் கேட்ட முதல் கேள்வி அது: "நான் கைதட்டினது என்ன விலை?"

எனக்குப் பதில் தெரியும் போலத்தான் இருந்தது. ஆனால் என் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. "ஒரு தடவைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க," என்றேன். "இன்னும் நிறைய தடவ தட்டணும்."